கட்டில் ஆடியது, சுவரில் வெடிப்பு: வீட்டை விட்டுப் போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு களுவாஞ்சிகுடியில், கடற்கரைப் பக்கம். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்தது. போன மாதம் ஒரு இரவு திடீரென்று கட்டில் ஆடியது, யன்னல் கண்ணாடி கடகடத்தது. ஐந்தாறு செக்கன்தான். விடிந்து பார்த்தால் அறை யன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஒரு வெடிப்பு. இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்தார். போனைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, வீடு ஆட்டம் கண்டுவிட்டது, மருந்து ஏற்ற வேண்டும், 'நிலநடுக்கச் சான்றிதழ்' எடுத்தால் அரசாங்க நட்டஈடு வரும், எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய், பாதி முற்பணம் என்றார். அம்மா அன்றிலிருந்து விறாந்தையில்தான் படுக்கிறார். அறைக்குள் அலுமாரி ஆடியதைப் பார்த்துப் பயந்துவிட்டார். திரும்பவும் கடல் வருமா என்று ஒவ்வொரு இரவும் கேட்கிறார். என்ன செய்வது சேர்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மனிதருக்குக் காசு கொடுக்காதீர்கள். முற்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் வெடிப்பு எங்கள் பக்கத்தில் பத்து வீட்டில் ஆறேழு வீட்டில் நான் காண்கிற வெடிப்பு. யன்னல் வைத்த இடத்தில் சுவர் பலவீனமானது. அத்திவாரம் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினாலும், வெயிலில் கூரை விரிந்து சுருங்கினாலும், அந்த இழுவை யன்னல் மூலையில்தான் வந்து சேரும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் மணல் நிலம், கீழே தோண்டினால் உடனே தண்ணீர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களி, மாரியில் ஊதி வெயிலில் சுருங்கும். இரண்டிலும் சுவர் வெடிக்க நிலநடுக்கம் தேவையில்லை. ஆனால் கட்டில் ஆடிய அடுத்த நாள்தான் நாங்கள் எங்கள் சுவரை ஒழுங்காகப் பார்க்கிறோம்.

2012 ஏப்ரலில் சுமாத்திராக் கடலில் 8.6 அளவில் நிலம் நடுங்கி, இங்கேயும் ஆட்டம் உணரப்பட்டு, சனம் ஓடியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நேற்று வந்த வெடிப்பு என்று வீட்டுக்கார அம்மா அடித்துச் சொன்னார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பின் உதட்டுக்குள் நீலப் பெயின்ட் இறங்கியிருந்தது. சுவரில் இருந்ததோ மஞ்சள். அந்த மஞ்சளுக்கு முந்திய பெயின்ட் நீலம். கொஞ்சம் மேலே சிலந்தி கூடு கட்டி, அதில் தூசி படிந்து, கூடும் பழசாகிவிட்டது. அந்த வெடிப்பின் வயது இரண்டு பெயின்ட்.

நீங்களும் அப்படிப் பாருங்கள். உள்ளே பெயின்ட், சிலந்தி வலை, எறும்பு மண், கறுத்த தூசி இருந்தால் பழையது. விளிம்பு கூராக, உள்ளே சீமெந்து நிறம் துப்புரவாக, கீழே நிலத்தில் புது மண் உதிர்ந்து கிடந்தால் புதியது. புதியது என்றாலும் பயப்படத் தேவையில்லை, அளந்து பார்க்க வேண்டும். உங்கள் வங்கி அட்டையை எடுங்கள். அதன் தடிப்பு முக்கால் மில்லிமீற்றர். அது நுழையாத வெடிப்பை மறந்துவிடலாம். நுழைந்தால் கவனிக்க வேண்டும். பென்சிலே நுழைந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள், ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் குறுக்கே வைத்து இரு பக்கமும் சீமெந்தால் ஒட்டிவிடுங்கள். வெடிப்பு நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மாரி முழுக்கப் பாருங்கள். கோட்டைத் தாண்டாவிட்டால், தை மாசியில் ஒரு மேசனைப் பிடித்து, வெடிப்பின் இரு பக்கமும் அரை அடி பூச்சை உரித்து, கோழிவலை அடித்துத் திரும்பப் பூசச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. இப்போதே பூசி மறைக்காதீர்கள். படம் எடுத்து வைப்பதற்கு முன் யாரையும் வெடிப்பில் கைவைக்க விடாதீர்கள்.

இதை வற்புறுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. வெடிப்புக்குள் ஒட்டுகிற திரவத்தை அழுத்தி ஏற்றுவதைத்தான் 'மருந்து ஏற்றுவது' என்கிறார்கள். இந்த 'மருந்து ஏற்றுகிற' ஆட்களில் சிலர் உளியும் கையுமாக வருவார்கள். ஆழம் பார்க்கிறோம் என்று தட்டுவார்கள். மயிரிழை வெடிப்பு விரல் அகலம் ஆகிவிடும். பிறகு உங்களையே கூப்பிட்டுக் காட்டுவார்கள், பாருங்கள் அம்மா எவ்வளவு ஆழம் என்று. மருந்து ஏற்றுவது பொய்யான வேலை என்று நான் சொல்லவில்லை. கம்பி போட்ட கொங்கிரீட் தூணிலும் பீமிலும் விழுந்த வெடிப்புக்கு அது சரியான வைத்தியம். சீமெந்துக் கல் அடுக்கிப் பூசிய சுவருக்குள் அதை ஏற்றினால் கல்லின் இடைவெளியில் போய்த் தேங்கும், அவ்வளவுதான். போனைச் சுவரில் வைத்துப் பார்த்த கதையும் அப்படித்தான். போனுக்குள் இருக்கும் கருவி அந்த நிமிடம் சுவர் அதிர்கிறதா என்று மட்டும் காட்டும். போன மாதம் சுவருக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

நிலநடுக்கச் சான்றிதழ் என்ற ஒன்று இல்லை. நாட்டில் நில அதிர்வைப் பதிவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அதன் அளவீட்டு நிலையங்களில் ஒன்று அம்பாறையில் புத்தங்கலவில் இருக்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு ஆடியது என்று சொல்வது அவர்கள் வேலை. வீடு வீடாகப் போய்க் கடதாசி கொடுப்பது அவர்கள் வேலையல்ல. நட்டஈடு என்று ஏதும் வந்தால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகத்தான் வரும். இடையில் ஒருவர் படிவம் நிரப்பித் தருகிறேன், பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று வந்தால், சுனாமி நேரத்தில் வீட்டுப் பட்டியலுக்குக் காசு வாங்கியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஏமாந்த சனமே இப்போதும் ஏமாறுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சரி, மூலை வெடிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றேன். ஆனால் உங்கள் வீடு சுனாமி வீடு என்பதால் ஒரு விடயத்தை நீட்டித்தான் சொல்ல வேண்டும். சுவரை விட்டுவிட்டு மேலே பாருங்கள். விறாந்தைத் தூண், யன்னலுக்கு மேல் ஓடும் பீம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தட்டு, இவற்றில் கம்பி போகும் வழியே நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடுகிறதா? அதிலிருந்து மண்ணிறக் கறை வடிந்திருக்கிறதா? உளி வேண்டாம், ஒரு சுத்தியல் பிடியால் தட்டுங்கள். நல்ல கொங்கிரீட் 'டக்' என்னும். கெட்டது வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும்.

அது கம்பி துருப்பிடிப்பதன் அடையாளம். 2005, 2006இல் கரையோரம் முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பியது. ஆற்றுமணல் கிடைக்காத இடத்தில் கடல்மணலைக் கழுவாமல் கலந்தவர்கள் இருந்தார்கள். கடல்நீர் ஏறி உவர்ந்த கிணற்றுத் தண்ணீரிலேயே சீமெந்து குழைத்தார்கள். கம்பிக்கும் கொங்கிரீட் ஊற்ற அடிக்கிற பலகைக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது கொங்கிரீட் இருக்க வேண்டும், பல இடத்தில் கம்பி பலகையிலேயே படுத்துக் கிடந்தது. உப்பு கம்பியைத் தின்னும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கொங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். ஒரு வீட்டில் பீமின் அடியைச் சுரண்டினேன், விரல் தடிப்பில் இருக்க வேண்டிய கம்பி பேனாக்கூட்டின் உள்குச்சி அளவில் இருந்தது. கையால் வளைந்தது. அந்தப் பீமுக்குக் கீழேதான் பிள்ளையின் தொட்டில் கட்டியிருந்தார்கள். இப்படி ஒரு வீடு விழ நிலநடுக்கமே வேண்டாம், ஒரு நல்ல காற்று போதும். அடையாளம் தெரிந்தால் அதன் கீழே யாரையும் இருக்க விடாதீர்கள், உடனே முட்டுக் கொடுங்கள், அதற்குத்தான் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அந்த 65,000 ரூபாயை அதற்கு வைத்திருங்கள்.

பொறியியலாளர் வந்தால் வீட்டின் வரைபடத்தைக் கேட்பார். உங்களிடம் இருக்காது. கட்டியவர்கள் திறப்பைத் தந்து, போட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்படி ஒரு வீட்டின் வரைபடத்துக்காக நான் ஒரு கந்தோருக்கு நாலு தரம் அலைந்தேன். முதலில் கோப்பு வேறு பிரிவில் என்றார்கள், பிறகு பொறுப்பானவர் மாற்றலாகிவிட்டார் என்றார்கள், கடைசியில் அலுமாரித் திறப்பு இல்லை என்றார்கள். எத்தனையோ சனத்தின் தலைக்கு மேல் என்ன கம்பி போட்டிருக்கிறது என்ற கடதாசி ஒரு திறப்பில்லாத அலுமாரிக்குள் கிடக்கிறது. அதனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வெடிப்பின் போட்டோவோடு எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். அவர் கைகாட்டுகிற இடத்துக்கும் எழுத்திலேயே கொடுங்கள்.

இனி அம்மாவின் கேள்வி. நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு. எங்கள் தீவுக்குள் வருகிற சின்ன ஆட்டங்கள், 2020இல் கண்டி திகனைப் பக்கம் வந்தவை போல, டமார் என்று ஒரு குலுக்கலோடு முடிந்துவிடும். நீங்கள் சொல்கிற ஐந்தாறு செக்கனும் அந்த மாதிரித்தான் தெரிகிறது. 2004 மார்கழி 26இல் சுமாத்திராவுக்கு அருகே வந்தது 9.1. மூன்று அளவு ஆட்டத்தோடு பார்த்தால் அதன் சக்தி நூறு கோடி மடங்குக்கும் மேல். அங்கே கடலடி மேலே தூக்கப்பட்டது, அதனால்தான் கடல் எழும்பியது. 2012இல் நிலம் பக்கவாட்டில் வழுக்கியது, கடல் பெரிதாக எழவில்லை. வீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குலுக்கல் கடலைக் கொண்டு வராது.

தூரத்தில் வருகிற பெரிய ஆட்டம் வேறு மாதிரி. தலை சுற்றுவதுபோல் மெதுவாக, நீண்ட நேரம் ஆடும். தொங்கும் விளக்கு ஊஞ்சலாடும், கிணற்றுத் தண்ணீர் தளும்பும். அப்படி ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்டுக்கொண்டும், சுனாமி எச்சரிக்கைக் கோபுரம் ஒலிக்கும் என்று காத்துக்கொண்டும் நிற்காதீர்கள். 2004இல் சுமாத்திராவிலிருந்து எங்கள் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. வாவியைத் தாண்டுகிற பட்டிருப்புப் பாலத்துக்கு அம்மாவை நடத்திக் கூட்டிப்போக எத்தனை நிமிடம் என்று ஒரு பின்னேரம் நடந்தே பாருங்கள். அந்தக் கணக்கு தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் நித்திரை வரும்.

வெடிப்பில் அட்டை நுழையாவிட்டால், பீமில் கறை இல்லாவிட்டால், அம்மா இன்றிரவே அறைக்குள் படுக்கலாம். ஆனால் அவர் பயந்த அந்த அலுமாரியை அப்படியே விடாதீர்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்றால், விழுந்தாலும் கட்டிலில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், மேலே அடுக்கிய பெட்டிகளை இறக்குங்கள், இரண்டு எல் வடிவத் தகட்டால் சுவரோடு பூட்டுங்கள். தகடும் ஆணியும் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.