வாசகர் கேள்வி – பதில்: பழைய பேய்ப் படங்களுக்கு எந்த அளவுகோல்?

அக்டோபர் 31 அன்று மேலை நாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீனை முன்னிட்டு, பழைய திகில் படங்களையும் பேய்க் கதைகளையும் எப்படி மதிப்பிடுவது என்று வாசகர்கள் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இம்மாதப் பகுதி ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: வெளியானபோது ஓடாத படங்களையெல்லாம் பிற்பாடு ‘கல்ட்’ படம் என்று கொண்டாடுகிறார்களே, அது தோல்விக்குச் சூட்டப்படும் கௌரவப் பெயர்தானா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பல சமயங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வசூலில் தோற்றது மட்டுமே ஒரு படத்துக்குத் தகுதியாகிவிடாது. யாரும் கண்டுகொள்ளாத படத்தை ஒரு சிறு கூட்டம் திரும்பத் திரும்பப் பார்த்துக் காப்பாற்றியிருக்க வேண்டும். அப்படிப் பார்ப்பவர்களுக்கு முடிவு மனப்பாடமாகத் தெரியும் என்பதைக் கவனியுங்கள். திகில் படத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் அதிலிருந்து எடுத்ததுதான். யார், எது, ஏன் என்பதெல்லாம் தெரிந்துபோன பிறகும், இரண்டாம் முறை பார்க்கும்போது அச்சம் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறேன்.

1962-இல் வெளிவந்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் நகரில் கல்விப் படங்களும் தொழில் நிறுவனங்களுக்கான விளக்கப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்டேர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் கடந்து சென்றபோது கண்டு, அந்த இடத்துக்காகவே ஒரு கதையை எழுதச் செய்து, ஏறத்தாழ 33,000 டாலர் செலவில் படத்தை எடுத்து முடித்தார். அதற்குப் பின் அவர் வேறு கதைப்படம் இயக்கவில்லை. தோழிகளோடு சென்ற கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழ, நெடுநேரம் தேடியும் கிடைக்காத ஒரு பெண் சேறு படிந்த உடையோடு தானாகவே கரையேறுகிறாள். வேறு ஊருக்குப் போய்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் சேர்கிறாள். சுண்ணாம்பு பூசியது போன்ற முகமுடைய ஒருவன் கார்க் கண்ணாடியில் தொடங்கி அவள் போகுமிடமெல்லாம் தென்படுகிறான். அந்த வேடத்தில் நடித்தவரும் ஹார்விதான்.

இந்தக் கதையின் முடிவை இன்றைய பார்வையாளர் பத்தே நிமிடத்தில் ஊகித்துவிடுவார். அதனால் படம் கெட்டுவிடவில்லை. துணிக்கடையொன்றில் திடீரென்று உலகத்தின் ஓசைகள் அனைத்தும் அற்றுப்போக, கடைக்காரப் பெண்ணின் கண்ணுக்கும் காதுக்கும் தான் இல்லாமற்போனதை அவள் உணரும் காட்சியும், பூங்காவில் ஒரு பறவையின் குரலோடு ஓசைகள் மீண்டும் வந்து சேரும் கணமும், முடிவு தெரிந்தவருக்கே முழு வலிமையோடு வந்து தாக்குகின்றன. துணை நடிகர்கள் சிலர் பாடம் ஒப்பிப்பது போலப் பேசுவதும், குரல் உதட்டசைவோடு ஒட்டாமல் போவதும் குறைகளே. கனவுத்தன்மைக்காக வேண்டுமென்றே செய்தது என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. தற்செயலாகப் பொருந்திவிட்ட குறை என்று எழுதினால் போதும்.

கேள்வி: ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஊமைப் படத்தை எல்லாப் பட்டியல்களிலும் முதலில் வைக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த பிரதியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குற்றம் என்னுடையதா, படத்தினுடையதா? (வாசகி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் நீங்கள் பார்த்த பிரதியினுடையது. எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922-இல் ஜெர்மனியில் எடுத்த இந்தப் படம், பிராம் ஸ்டோக்கரின் 1897-ஆம் ஆண்டு நாவலான ‘டிராகுலா’வை உரிமை பெறாமல் தழுவியது. பாத்திரங்களின் பெயர்களை மாற்றியும் பயனில்லை. நாவலாசிரியரின் மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் தொடுத்த வழக்கில், பிரதிகள் அனைத்தையும் அழித்துவிடுமாறு 1925-இல் தீர்ப்பானது. ஏற்கெனவே பிற நாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளால்தான் படம் பிழைத்தது. அப்படிப் பிழைத்தவை ஒன்றுபோல் இல்லை என்பதே உங்கள் சிரிப்புக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

அக்காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிரதியில் நீலச் சாயம் ஏற்றி இரவாகக் காட்டுவது வழக்கம். சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதியில், டிராகுலாவுக்கு இந்தப் படம் வைத்த பெயரான ஓர்லோக் பிரபு பட்டப்பகலில் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குள் அலைவதாகத் தோன்றும். அப்படி அலைந்தவர் கடைசியில் காலை வெயில் பட்டு மறைந்துபோனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இத்தனைக்கும், சூரிய ஒளி பட்டால் இரத்தக் காட்டேரி அழியும் என்ற எண்ணமே இந்தப் படம் தந்ததுதான். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் சக்தி குறைந்தவராக இருந்தாலும் லண்டன் தெருவில் நடமாடுகிறார். ஆகவே சாயம் மீட்கப்பட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள். அப்போதும் வேகமாக ஓட்டப்பட்ட குதிரை வண்டிக் காட்சி சிரிப்பூட்டவே செய்யும். ஆனால் மாடிப்படிச் சுவரில் நீண்ட விரல்களோடு நிழல் மட்டும் ஏறிச் செல்லும் காட்சியை நூறாண்டுகளாக எத்தனையோ பேர் நகலெடுத்துவிட்ட பின்னும், மூலத்தில் பார்க்கும்போது உள்ளங்கை சில்லிடுகிறது.

கேள்வி: ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எல்லாத் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறதே, அது திருட்டுப் பிரதியா? இன்றைய படங்களோடு ஒப்பிட்டால் அது பயமுறுத்துமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: திருட்டன்று. ஜார்ஜ் ஏ. ரொமேரோ பிட்ஸ்பர்க் நகரையொட்டிய பகுதிகளில் ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுத்த இந்தப் படத்துக்கு முதலில் வேறு தலைப்பு இருந்தது. விநியோகத்தின்போது தலைப்பை மாற்றியவர்கள், தலைப்போடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பை மறுபடி சேர்க்க மறந்தார்கள். அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம் என்பதால், 1968-இல் வெளிவந்தபோதே படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்ற நிலை படைத்தவர்களுக்குப் பெரும் நஷ்டம். படத்துக்கோ அதுவே நீண்ட ஆயுளாயிற்று. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்து 2016-இல் திரையிட்ட தெளிவான வடிவம் இருக்கும்போது, மங்கிய இலவச நகலில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொல்வது நியாயமாகாது.

பயமுறுத்துமா என்றால், உயிர்பெற்று எழுந்து வீட்டைச் சூழும் பிணங்களைவிட வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களைப் பார்த்தே அதிகம் பயப்படுவீர்கள். ஒரு பண்ணை வீட்டில் அடைபட்ட ஏழு பேர், நிலவறைக்குள் பதுங்குவதா, மேலேயே நின்று கதவுகளுக்குப் பலகை அறைவதா என்பதைக்கூட முடிவு செய்யாமல் சண்டையிடுகிறார்கள். இரத்தமாகப் பயன்பட்டது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியப்போவதில்லை. கதாநாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நடித்திருக்கிறார். அவருடைய நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வெளிவந்த படத்தில் அந்த மௌனம் எவ்வளவு கனமானது என்பதைக் கடைசி ஐந்து நிமிடங்கள் காட்டும். அங்கே நடப்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தால், முதற்காட்சி முதலே வேறொரு படமாகத் தெரியும்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேய்க் கதை ஒன்றை வாசித்துக் காட்ட விரும்புகிறேன். பழைய கதைகளில் எது இன்றும் எடுபடும்? (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: தயங்காமல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய ‘தி மங்கீஸ் பா’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் வெளிவந்த இந்தக் கதையை அரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம். மூன்று வேண்டுதல்களை நிறைவேற்றும் பதப்படுத்திய குரங்குக் கை ஒன்றை, இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய படைவீரர் ஒருவர் நண்பரின் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். வயதான தம்பதி விளையாட்டாக 200 பவுன் கேட்கிறார்கள். பணம் வருகிறது, எந்த வழியாக என்பதுதான் கதை. ஜேக்கப்ஸ் அடிப்படையில் துறைமுகத்துப் படகோட்டிகளைப் பற்றி நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். அதனால்தான் சதுரங்கம் ஆடும் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் தொடக்கப் பகுதி அவ்வளவு இயல்பாக இருக்கிறது. அந்த வீட்டை நமக்குப் பிடித்துவிடுவதால்தான் பின்னால் வருவது தாங்க முடியாததாகிறது. கடைசியில் கதவுக்கு வெளியே நிற்பது எது என்பதை அவர் ஒரு வரியில்கூட வருணிப்பதில்லை. மந்திரத்தின் பிறப்பிடமாக ஓர் இந்தியப் பக்கீரை வைத்திருப்பது, தீங்கெல்லாம் கீழைநாட்டிலிருந்து கப்பலேறி வருவதாக எண்ணிய அக்கால ஆங்கில வழக்கம். மாணவர்களிடம் அதைச் சொல்லிவிட்டே வாசிக்கலாம், கதையின் பலம் அதனால் குறையாது.

இன்னொன்று வேண்டுமானால் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளை ஆராய்ந்த இந்த அறிஞர், கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகவே பேய்க் கதைகளை எழுதினார். முதல் தொகுப்பு 1904-இல் வந்தது. (ஆங்கிலேயருக்குப் பேய்க் கதையின் பருவம் நெடுங்காலமாகக் கிறிஸ்துமஸ்தான்; அதை அக்டோபருக்கே உரியதாக்கிய பெருமை பெரும்பாலும் அமெரிக்காவைச் சேரும்.) கடற்கரை இடிபாட்டில் பழைய விசில் ஒன்றைக் கண்டெடுத்து ஊதிவிடும் பேராசிரியரின் கதையில், அறையிலிருக்கும் இரண்டாவது கட்டில்தான் திகிலின் மையம். ஆனால் ஜேம்ஸின் வாக்கியங்கள் நீளமானவை, இலத்தீன் மேற்கோள்களும் குறுக்கிடும். பதினாறு வயதினருக்குச் சற்றுச் சுருக்கித்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பேயைக் காட்டாமல் விட்டால்தான் நல்ல படம் என்று விமர்சகர்கள் ஒரே பாட்டாகப் பாடுகிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: அதை விதியாக்குவது எனக்கும் உடன்பாடில்லை. ஜேம்ஸின் இன்னொரு கதையைத் தழுவி 1957-இல் வந்த ‘நைட் ஆஃப் தி டீமன்’ படத்தை இந்த விவாதத்தில் எப்போதும் இழுப்பார்கள். இயக்குநர் ஜாக் டூர்னர், 1942-இல் ‘கேட் பீப்பிள்’ படத்தில் நீச்சல் குளத்துச் சுவர் நிழலையும் உறுமலையும் மட்டும் கொண்டு அச்சமூட்டியவர். இந்தப் படத்திலோ தயாரிப்பாளரின் விருப்பப்படி பூதம் தொடக்கத்திலேயே முழு உருவத்தோடு வந்துவிடுகிறது. மாந்திரீகத்தை நம்பாத ஓர் ஆய்வாளர் மெல்ல மெல்ல நிலைகுலைவதுதான் கதை. அவர் நினைப்பது தவறு என்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தால் அவரோடு சேர்ந்து தடுமாறும் வாய்ப்பு போய்விடுகிறது. ஆகவே அந்த முதல் தோற்றம் பிழை. ரயில் பாதையில் வரும் இறுதித் தோற்றம் இருந்துவிட்டுப் போகட்டும், அது நன்றாகவே இருக்கிறது. மறுபக்கத்தில், ராபர்ட் வைஸின் ‘தி ஹான்டிங்’ (1963) எதையுமே காட்டுவதில்லை. ஒரு மரக்கதவு மூச்சு விடுவது போல உட்புறமாகப் புடைப்பதே அதில் உச்சம். இரண்டில் எதை மறுபடி பார்ப்பேன் என்றால் வைஸின் படத்தைத்தான்.

கேள்வி: ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ அளவுக்கு மீறிப் புகழப்படுகிறதா? (வாசகர், சென்னை)

பதில்: அதைப் பின்பற்றி வந்த படங்கள்தான் அளவுக்கு மீறிவிட்டன. 1978-ஆம் ஆண்டின் மூலப் படத்தில் இரத்தம் மிகக் குறைவு. இல்லினாய் மாநிலத்து இலையுதிர்காலமாகக் காட்டப்படுவது கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுக்கப்பட்டது. சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அள்ளி வைத்துக்கொண்டார்கள். கொலைகாரனின் முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் முகமூடிக்கு வெள்ளை அடித்தது. கார்ப்பென்டரே அமைத்த, ஐந்து தட்டுத் தாளத்தில் ஓடும் பியானோ இசையும், பட்டப்பகலில் ஒரு வேலிக்கருகே அந்த உருவம் சும்மா நிற்பதும் இன்றும் வேலை செய்கின்றன. இரவுக் கொலைகள் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை.

கேள்வி: கல்லூரி இதழில் பழைய திகில் படங்களுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எது? (மாணவர், மதுரை)

பதில்: எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள், அது எத்தனை நிமிடம் ஓடியது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ராபின் ஹார்டியின் ‘தி விக்கர் மேன்’ (1973) ஏன் இதைக் கோருகிறது என்று பாருங்கள். காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவொன்றுக்கு வரும் பக்திமிக்க காவலர், பழைய இயற்கை வழிபாட்டில் ஊறிய ஊர் மக்களோடு மோதும் கதை அது. விநியோகத்தின்போது ஏறத்தாழ 88 நிமிடங்களாக வெட்டப்பட்டு, ‘டோன்ட் லுக் நவ்’ படத்தோடு துணைப் படமாகத் திரையிடப்பட்டது. அந்த வெட்டில் தீவின் முதல் இரவே பெரும்பகுதி காணாமற்போயிற்று. கிறிஸ்டோஃபர் லீ ஏற்ற தீவுத் தலைவர் பாத்திரத்தின் அறிமுகமும் அதோடு சேர்ந்து போனது. குறுகிய வடிவத்தை மட்டும் பார்த்தவர், காவலருக்கு விரிக்கப்படும் வலை அவசரமாகப் பின்னப்பட்டது என்று எழுதுவார். 2013-இல் வெளியான மீட்டெடுத்த வடிவத்தையோ அதைவிட நீளமான வடிவத்தையோ பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. பாடல்கள் அதிகம் என்று உங்களுக்குப் பட்டால் தாராளமாக எழுதுங்கள், பலருக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் முதல் முறை பார்த்த கையோடு எழுதிவிட வேண்டாம். ஊர் மக்களின் புன்னகைக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்ட பிறகு, அதே பாடல்களை இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.