‘வென்ட்’ யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள ஐயா,

என் ஆறு வயது மகள் ‘ஐ கோட் டு ஸ்கூல்’ என்கிறாள். ‘வென்ட்’ என்று திருத்தினேன். “ப்ளேக்கு ப்ளேட். அப்போ கோவுக்கு கோட்தானே?” என்கிறாள். ‘கோ’வின் ஒரு எழுத்துகூட ‘வென்ட்’டில் இல்லையே, அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அவளைத் திட்டாதீர்கள். ஆங்கிலம் மட்டுமே பேசி வளரும் இங்கிலாந்துப் பிள்ளைகளும் சின்ன வயதில் அப்படித்தான் சொல்லும். விதி பிடிபட்டுவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

‘வென்ட்’ இரவல் பிள்ளை. அதைப் பெற்றது ‘வெண்ட்’ என்ற வேறொரு வினைச்சொல். (கடைசி ஒலியைக் கவனியுங்கள்: தாய்ச்சொல்லில் ‘பண்டம்’ டகரம், பிள்ளையில் ‘பட்டம்’ டகரம்.) திரும்பு, வழியைப் பிடித்துப் போ என்று பொருள். செண்ட்–சென்ட், லெண்ட்–லென்ட், ஸ்பெண்ட்–ஸ்பென்ட் என்று சொல்லிப் பாருங்கள். வெண்ட்–வென்ட் அந்த வரிசையில் அச்சாக உட்காரும்.

சரி, ‘கோ’வுக்கு எதற்கு இரவல்? அதற்குச் சொந்தமாக இறந்தகால வடிவம் பழைய ஆங்கிலத்திலேயே இல்லை. அப்போது ‘ஏயொடெ’ என்று ஒன்று இருந்தது. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். அது தேய்ந்து மறைய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தில் ‘வென்ட்’ வந்து உட்கார்ந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு! பிள்ளையைப் பறிகொடுத்த ‘வெண்ட்’ தனக்கு ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. இன்று ‘வெண்ட் ஒன்ஸ் வே’ என்ற தொடரில்தான் அதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

இதைப் பிற்பாடு யாரும் ஏன் சீர்செய்யவில்லை என்றால், தினமும் நூறு தடவை வாயில் வரும் சொல்லின் கோணல் மறப்பதில்லை. ‘ஹெல்ப்’புக்கு முன்பு ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் இருந்தது. ‘ஹெல்ப்ட்’ வந்து அதைத் துரத்திவிட்டது. ‘வென்ட்’டை அப்படித் துரத்த முடியவில்லை.

அப்புறம், மகளுக்குப் பாடமாகச் சொல்லாமல் அடுப்படியில் வைத்துச் சொல்லுங்கள். பால் கெட்டுப் ‘போச்சு’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘தி மில்க் வென்ட் பேட்’தான். மழை பெய்யப் ‘போகுது’, ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’. பாலும் மழையும் நடந்தா போகின்றன என்று அவள் கேட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள்.