54ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படை: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘தன்னார்வக் காலாட்படை’ என்பது ராணுவத்திலிருந்து வேறானதா?

பதில்: ஆம். 1861இல் அடிமை முறை கொண்ட தென் மாநிலங்கள் பிரிந்து ஒன்றிய அரசோடு போர் மூண்டபோது நிரந்தர ராணுவத்தில் ஏறத்தாழ 16,000 பேரே இருந்தனர். அதிபர் லிங்கன் மாநிலங்களிடம் ஆள் கேட்டார். ஆளுநர்கள் படை திரட்டி ஒன்றிய அரசிடம் ஒப்படைத்தனர். 54ஆம் மாசசூசெட்ஸ் படையை 1863இல் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ திரட்டினார். வீரர்கள் கறுப்பினத்தவர், கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா உட்பட அதிகாரிகள் வெள்ளையர்.

கேள்வி: வீரர்கள் தப்பி வந்த அடிமைகளா?

பதில்: அப்படிச் சிலர் இருந்தனர். பெரும்பாலோர் பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹாயோ போன்ற வட மாநிலங்களில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் புதல்வர்கள் லூயிஸும் சார்லஸும் இப்படையில் சேர்ந்தனர்.

கேள்வி: வாக்னர் கோட்டைத் தாக்குதல் தோல்விதானே? அதற்கு ஏன் இத்தனை புகழ்?

பதில்: தோல்விதான். ஆனால் அது எத்தகைய தோல்வி என்பதைப் பார்க்க வேண்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலைக் காத்த அந்த மணற்கோட்டைக்குச் செல்ல, ஒருபுறம் கடலும் மறுபுறம் சதுப்பும் நெருக்கிய குறுகிய கடற்கரை ஒன்றே வழி. இரண்டு நாள் முன்பு ஜேம்ஸ் தீவில் போரிட்டு, சரியான உணவும் உறக்கமும் இன்றி வந்து சேர்ந்த ஏறத்தாழ 600 பேர், 1863 ஜூலை 18 அன்று இருள் கவியும் நேரத்தில் அவ்வழியே முன்னணியில் சென்றார்கள். கோட்டைச் சுவரின் மேல் ஷா மாண்டார். கொல்லப்பட்டவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் என இழப்பு 270ஐத் தாண்டியது. கொடி ஏந்தியவர் வீழ்ந்ததும் அதை எடுத்த சார்ஜன்ட் வில்லியம் கார்னி, பல காயங்களோடு மண்ணில் படாமல் மீட்டு வந்தார். அதற்கான வீரப் பதக்கம் (மெடல் ஆஃப் ஆனர்) அவருக்குக் கிடைத்தது 1900இல்தான். கறுப்பினத்தவர் போரில் நிற்பார்களா என்று ஐயுற்ற வடக்கத்தியர் பலருக்கு அந்த இரவு விடையளித்தது.

கேள்வி: ஷாவின் உடல் திரும்பக் கிடைத்ததா?

பதில்: இல்லை. எதிரிகளான தென் மாநிலப் படையினர் அவரை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். மகன் அங்கேயே இருக்கட்டும் என்று தந்தை கூறிவிட்டார்.

கேள்வி: இவர்கள் ஊதியம் வாங்க மறுத்தது உண்மையா?

பதில்: உண்மை. வாக்னரைவிட இதையே பெரிய வீரமாகக் கருதுகிறேன். சேரும்போது மாதம் 13 டாலர் என்று வாக்களித்த அரசு, பிறகு 10 டாலர் என அறிவித்து, அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தது. ஏழு டாலரைத் தொடவே மாட்டோம் என்றார்கள் வீரர்கள். குறையும் தொகையைத் தானே தருவதாக மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோது அதையும் மறுத்தார்கள். ஏனெனில் பிரச்சினை பணத்தைப் பற்றியதன்று, சமமான படைவீரர் என்ற ஏற்பைப் பற்றியது. வீட்டில் மனைவி மக்கள் வறுமையில் வாடிய அந்த மாதங்களிலும் அவர்கள் பணியை நிறுத்தவில்லை. 1864 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஒலஸ்டீயில் தோற்றுப் பின்வாங்கிய படையைக் காத்து நின்றார்கள். காயமுற்றோர் இருந்த ரயிலின் எஞ்சின் பழுதுபட்டபோது, கயிறு கட்டிச் சில மைல் தூரம் கையாலேயே இழுத்தார்கள்.

1864 ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியத்தை ஏற்றது. ஆனால் 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவர்களுக்கே சேர்ந்த நாள் முதல் முழு நிலுவை என்றது சட்டம்; அப்படி இருந்ததை வீரர்கள் சத்தியம் செய்து உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், அந்நாளில் ஊதியமில்லா உழைப்பை எவருக்கும் கடன்பட்டிருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி வாசகத்தை அமைத்தார். எந்த மனிதனும் இன்னொருவனுக்கு அப்படிக் கடன்பட்டவன் அல்லன் என்பதால், அடிமையாக இருந்தவரும் மனச்சான்று உறுத்தாமல் சத்தியம் செய்ய முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் நிலுவை வந்து சேர்ந்தது.