ஈ.எம்.டி.ஆர் என்றதும் பயப்பட வேண்டாம்

வணக்கம். விபத்து நடந்து இரண்டு வருடமாகியும் பிரேக் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது, மருத்துவர் ஈ.எம்.டி.ஆர் (EMDR, கண் அசைவின் துணையோடு அதிர்ச்சி நினைவுகளின் வேதனையைக் குறைக்கும் மனநல சிகிச்சை) சொல்லியிருக்கிறார், ஆனால் மயக்கி எல்லாவற்றையும் சொல்ல வைப்பார்களோ என்று பயம் என எழுதியிருந்தீர்கள்.

இது ஹிப்னாடிசம் இல்லை. முழு நினைவோடுதான் இருப்பீர்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் விவரிக்கவும் தேவையில்லை. அந்த நினைவில் உங்களை அதிகம் உலுக்கும் ஒரு காட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, இடமும் வலமும் நகரும் சிகிச்சையாளரின் விரல்களைக் கண்ணால் தொடர்வீர்கள். அரை நிமிடம் போல. நிறுத்தி, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்பார். இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பிறகு மறுபடியும். வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வார். அது இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். நினைவு அழியாது, அதன் கூர்மைதான் மழுங்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. கண் அசைவு எப்படி உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களிடம் இன்னும் விவாதம் உண்டு. கண்ணுக்கும் நினைவுக்கும் ஒரே நேரத்தில் கவனம் பிரிவதால் காட்சி மங்குகிறது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: முதல் நாளே விபத்துக்குள் இறங்குபவரிடம் போகாதீர்கள். மொத்தம் எட்டு கட்டங்கள். மனதை நிலைப்படுத்தும் பயிற்சி முன்னால் வர வேண்டும். அப்புறம், சிகிச்சை நடக்கும் நாட்களில் கனவுகள் கொஞ்சம் கூடலாம். குறித்து வைத்து அடுத்த முறை அவரிடம் சொல்லுங்கள்.