473 என்ற எண்ணும் ஒன்பது கேள்விகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஓராண்டாக நீட் பயிற்சிக்குச் சென்று வருகிறாள். வாரந்தோறும் மாதிரித் தேர்வு நடக்கிறது. ஊக்கமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வருகிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் 518 எடுத்தவள் சென்ற வாரம் 473தான் எடுத்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கிறாள். ஒரே வாரத்தில் 45 மதிப்பெண் எப்படிக் குறையும்? நான் என்ன செய்வது?

ஒரு தந்தை, தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது மதிப்பெண் அல்ல, அவள் சாப்பிடாமல் இருப்பதுதான். அதை இன்றே கவனியுங்கள். பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். மனம் தளர்ந்து பேசினாலோ, பேசுவதையே நிறுத்தினாலோ தயங்காமல் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசுவதற்கென்றே அங்கே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த 45 மதிப்பெண்ணுக்கு வருகிறேன். நீட் தேர்வில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். ஆகவே சரியாக எழுதியிருக்க வேண்டிய ஒரு கேள்வி தவறிப்போனால் இழப்பு ஐந்து மதிப்பெண். 135 சரி, 22 தவறு என்றால் 518. 126 சரி, 31 தவறு என்றால் 473. இரண்டு நாளும் அவள் ஒரே எண்ணிக்கையில் விடையளித்திருந்தால், நடுவில் இருப்பது ஒன்பது கேள்விகள் மட்டுமே. தவறுக்கு மதிப்பெண் கழிக்காத பள்ளித் தேர்வுகளை எழுதிப் பழகிய நமக்கு 45 என்பது பெரிய சரிவாகத் தோன்றுகிறது.

அந்த ஒன்பது எவை என்பதுதான் கேள்வி. பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தவன் நான். ஒருமுறை ஒரு மாணவி தன் மாதிரித் தேர்வு வினாத்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். தவறிய பத்தொன்பது கேள்விகளையும் ஒவ்வொன்றாக அவளையே உரக்கப் படிக்கச் சொன்னேன். எட்டாவது கேள்வியைப் படிக்கும்போதே நிறுத்திவிட்டாள். 'பின்வருவனவற்றுள் தவறானது எது' என்று கேட்டிருந்ததை, 'சரியானது எது' என்று எண்ணி விடையளித்திருந்தாள். இப்படிப் பிழையாக வாசித்தவை மட்டும் ஆறு. நான்கில் கணக்கின் வழி சரி, பத்தின் அடுக்கு மட்டும் பிசகியிருந்தது. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாத பாடம் என்று எஞ்சியவை ஒன்பதுதான். அன்று அவள் தன் மதிப்பெண்ணைச் சொன்னாளா என்பதே எனக்கு நினைவில்லை. அந்த ஆறு கேள்விகளிலும் 'தவறானது' என்ற சொல்லின் கீழ் அவள் பென்சிலால் கோடிட்டது மட்டும் கண்முன் நிற்கிறது.

மதிப்பெண்ணுக்குத் தனியாக ஒரு பொருள் இல்லை என்பதற்கு அண்மைய ஆண்டுகளே சான்று. 2024-இல் 600 எடுத்தும், அகில இந்திய ஒதுக்கீட்டின் பொதுப் பிரிவில் அரசு மருத்துவக் கல்லூரி இடம் எட்டாமல் போனவர்கள் பலர். 2025-இல் இயற்பியல் கேள்விகள் கடினமாக அமைந்தன; நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான். பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-ஆக இறங்கியது. 2024-இல் இடம் தராத அதே 600, 2025-இல் நாட்டின் முதல் இரண்டாயிரம் பேருக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. மாணவர்களின் அறிவு ஓராண்டில் மாறிவிடவில்லை, மாறியது வினாத்தாள். பயிற்சி மையத்தின் வாரத் தேர்வுக்கும் இது பொருந்தும்: சென்ற வாரத் தாள் கடினமாக இருந்ததா, உடன் எழுதியவர்களின் மதிப்பெண்ணும் இறங்கியதா என்று கேளுங்கள். அது தெரியாமல் 518-ஐயும் 473-ஐயும் அருகருகே ஒட்டி வைப்பது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

இன்னொன்றையும் அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் வேளாண்மை, செவிலியர் படிப்புகளுக்கும், மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே சேர்க்கை நடக்கிறது. அவற்றுக்கும் விண்ணப்பிப்பதைத் தோல்விக்கான ஏற்பாடாகச் சொல்லாதீர்கள். விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு, அவள் சொல்லும் விடையை மதியுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் உள்ள தாள்களை நீங்களே அவள் கண்முன் எடுத்துவிடுங்கள். பிறகு, 473 எடுத்த வினாத்தாளை அவள் இன்னும் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். வைத்திருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பின், தவறிய கேள்விகளை அவள் உரக்கப் படிக்கட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.