சாரலில் துவளும் மிளகாய்

கேள்வி: புளியரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் காந்தாரி மிளகாயும் முண்டு மிளகாயும் போட்டிருக்கிறேன். காலையில் சுள்ளென்று வெயில், மதியம் சாரல், திடீரென்று நாலு நாள் மேகமே இல்லை. பூ கொட்டுகிறது. இரண்டு முண்டுச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிட்டன. என்ன உரம் வைக்கலாம் அக்கா?
- வாசகி, புளியரை

பதில்: உரம் இப்போது வேண்டாம் தங்கச்சி. பூ கொட்டுவதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும், மழையில் மகரந்தம் நனைந்தாலும் மிளகாய் பூவை உதிர்க்கும். வானம் சீரானதும் தானாகப் பிடிக்கும்.

எனக்குப் பயம் அந்தத் துவண்ட செடிகள்தான். ஒன்றைப் பிடுங்கி, தூரை ஒட்டி விரல் நீளத்துக்குத் தண்டை நறுக்குங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் அதிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால், அது பாக்டீரியா வாடல். மருந்தடித்து மீட்க முடியாது. வேர்மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரியும் கூடாது. மூன்றுக்கும் இதே நோய்தான் வரும். அங்கிருந்து மழைத்தண்ணீர் மற்ற செடிகள் பக்கம் ஓடாமல் இன்றைக்கே வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வேரைப் பாருங்கள். பழுப்பேறி, தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது. நம் பக்கத்துச் சாரல் தூரில் தேங்கி நிற்பதுதான் வேருக்குக் கெடுதல். ஒரு அடி மேட்டுப்பாத்தி போடுங்கள். பையில் வளர்த்தால் அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முண்டு ராமநாதபுரத்துச் சரக்கு. மழை குறைந்த மண்ணில் பழகியது. அதை ஆடிச் சாரலில் நிறுத்துவது பாவம். கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டுத் தையில் நடுங்கள். காந்தாரி அப்படியில்லை, மரநிழலிலும் வரும், நன்றாகப் பார்த்தால் இரண்டு மூன்று வருஷம் காய்க்கும். கப்பைக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, சம்மந்தித் துவையல் அரைக்க ஒரு வீட்டுக்கு நாலு செடி தாராளம். வாடல் உறுதியானால், அடுத்த முறை கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் உஜ்ஜ்வலா அல்லது அனுக்ரஹா மிளகாய் விதை வாங்குங்கள்; இரண்டும் இந்த நோயைத் தாங்கும். உங்களுக்குத்தான் ஆரியங்காவு போனாலே கேரளாவாயிற்றே!