பழைய நாவல், பழைய எழுத்து: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை): தாத்தா வைத்திருந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பழைய பதிப்பைப் படிக்கிறேன் ஐயா. கதை இழுக்கிறது, எழுத்து தடுக்கிறது. எப்படிப் பழகுவது?

பதில்: தடுப்பது இரண்டு, அம்மா. இரண்டையும் குழப்பாதீர்கள். ஒன்று எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை சுழித்து நிற்கும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு ஒட்டி வளையும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அந்த ஒட்டிய வடிவத்துக்கு முன் கொம்பு போட்டவை. ஆக 13. தமிழ்நாடு அரசு 1978-இல் மாற்றியது இவற்றைத்தான். ஒரு சீட்டில் வரைந்து புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் சீக்கிரமே கண் பழகிவிடும்.

உண்மையில் ஆளை நிறுத்துவது சந்தி, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவது. ‘அவன்றான்’ என்றால் அவன்தான். ‘நாடோறும்’ என்றால் நாள்தோறும். ‘வந்தாற்போதும்’ என்றால் வந்தால் போதும். நடுவில் றகரமோ டகரமோ வந்து பொருள் பிடிபடவில்லையா? றகரத்துக்குப் பின்னால் ல், ன் ஒளிந்திருக்கிறதா, டகரத்துக்குப் பின்னால் ள், ண் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்விட்டுப் படித்தால் பாதி தானே பிரியும். பென்சிலால் ‘திருத்த’ வேண்டாம், அது பிழையல்ல.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பழைய றா எப்படி இருக்கும்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி (முத்தியால்பேட்டை): ௵, ௴, ௳, ௸ என்றால்? வீட்டுப் பத்திரத்திலும் வருகிறது.

பதில்: வருடம், மாதம், நாள், மேற்படி. ௲௮௱௭௰௯ என்றால் 1879: ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஒன்பது. அந்த நாவல் அச்சான ஆண்டும் அதுதான். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஆசிரியர், கடலூர்): மறுபதிப்பில் எல்லாவற்றையும் இன்றைய தமிழாக்கிவிட்டால் என்ன? பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

பதில்: வடிவத்தை மாற்றத்தான் வேண்டும். சந்தியைப் பிரிக்கலாம், பிரித்ததை முன்னுரையில் சொல்லிவிட வேண்டும். சொல்லைத் தொடக்கூடாது. ‘வஸ்து’வைப் ‘பொருள்’ ஆக்கினால், இந்த நாவலை எழுதிய, முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எப்படி உரைநடை எழுதினார் என்பது அழிந்துபோகும்.

கேள்வி (அதே ஆசிரியர்): சந்தியைப் பிரித்தால் மட்டும் நடை கெடாதா?

பதில்: நல்ல கேள்வி சார். செய்யுளில் பிரித்தால் தளை தட்டும், யாப்பின் ஓசைக் கட்டு குலையும். அங்கே கை வைக்கவே கூடாது. உரைநடையில் ஓசை கொஞ்சம் தளரும், பொருள் நிற்கும். ஆனால் பிரிக்கிற கையோடு நடுவில் வரும் ஒற்றெழுத்தையும் எடுத்துவிடுகிறார்கள். ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது.

கேள்வி (அரியாங்குப்பம்): ஆசிரியர் சொல்வதே சரி. பழசை யார் படிப்பார்?

பதில்: அப்படியென்றால் ‘எளிய வடிவம்’ என்று அட்டையில் போட்டு விற்கட்டும். மூலம் என்று சொல்லி விற்க வேண்டாம். சொல்லைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கேள்வி (வில்லியனூர்): பழைய றா, னா வடிவம் சொல்லுங்கள்.

பதில்: முதல் பதில்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): போனில் படமெடுத்து எழுத்தாக மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், அந்த 13 எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தாளைக் கண்ணாடியில் அழுத்தினால் மடிப்பில் ஒடியும். மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பிறகு சொல் தேடும்போது ‘அவன்தான்’ கிடைக்காவிட்டால் ‘அவன்றா’ என்று தேடுங்கள்.